டோஃபு வண்டி ஏன் ஜெயிக்கிறது? ‘இனிஷியல் டி’யை முதல் முறை பார்க்கப் போகிறவர்களுக்கு

கார் பந்தயம் என்றால் வேகமான வண்டி ஜெயிக்கும், இதில் புரிந்துகொள்ள என்ன இருக்கிறது என்றுதான் பலரும் கேட்பார்கள். ஜப்பானில் 1998-ல் வந்த ‘இனிஷியல் டி’ என்ற அனிமே (ஜப்பானிய அனிமேஷன்) தொடர் அந்த நினைப்பை முதல் சில அத்தியாயங்களிலேயே தலைகீழாகத் திருப்பிவிடுகிறது. அதில் கதாநாயகன் ஓட்டுவது, டோஃபு என்ற சோயா பன்னீரை விற்கும் ஒரு கடையின் டெலிவரி வண்டி. பத்து வருஷப் பழைய டொயோட்டா. எதிரில் வந்து நிற்பவை அதைப்போல இரண்டு மடங்கு குதிரைத்திறன் உள்ள வண்டிகள். ஆனாலும் மலையிலிருந்து இறங்கும்போது இந்தப் பழைய வண்டிதான் முன்னால் போகிறது.

எப்படி? இந்த ஒரு கேள்விதான் தொடரை நம்மை விடாமல் பார்க்க வைக்கிறது என்று நினைக்கிறேன். பதிலாக மந்திர சக்தி, பிறவி வரம் என்று எதையும் அது நீட்டுவதில்லை. எடை, டயர், பிரேக், பழக்கம் என்ற நாலு விஷயத்தை வைத்துக்கொண்டே கதை சொல்கிறது. கியர் மாற்றக்கூடத் தெரியாதவர்களுக்கும் அது புரியும்.

முதலில் கதை. ஜப்பானின் குன்மா மாகாணத்தில் ஷிபுகாவா என்ற ஊர், பக்கத்திலேயே ஹருனா என்ற மலை. கதையில் அதற்கு அகினா என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். அந்த ஊரில் டக்குமி ஃபுஜிவாரா என்ற பையன், பள்ளியில் கடைசி வருஷம், பெட்ரோல் பங்கில் பகுதிநேர வேலை, எதிலும் பெரிய ஆர்வம் இல்லாத தூங்குமூஞ்சி. அப்பா டோஃபு கடை வைத்திருக்கிறார். மலைமேல் உள்ள ஓட்டலுக்குத் தினமும் விடிவதற்கு முன் டோஃபு கொண்டுபோய்க் கொடுப்பது டக்குமியின் வேலை. லைசென்ஸ் எடுக்கும் வயது வருவதற்கு வெகுநாள் முன்பே, பதின்மூன்று வயதிலிருந்தே, அப்பா அவனை இந்த வேலையில் இறக்கிவிட்டிருக்கிறார். ஒரு நாள் விடியற்காலையில், அந்த மலையில் பயிற்சிக்கு வந்திருந்த கெய்சுகே தகாஹாஷி என்ற கெட்டிக்கார டிரைவரின் மஞ்சள் மாஸ்டா ஆர்எக்ஸ்-7ஐ, வெள்ளையும் கறுப்புமாக ஒரு பழைய வண்டி இறக்கத்தில் முந்திக்கொண்டு போய்விடுகிறது. கெய்சுகே தான் பார்த்தது பேயோ என்று யோசிக்கிறான். அது டோஃபுவை இறக்கிவிட்டு, வீட்டுக்குப் போய்த் தூங்கும் அவசரத்தில் இருந்த டக்குமி.

அதற்குப் பிறகு பந்தயத்துக்கு வரச் சொல்லி ஆள் தேடி வருகிறார்கள். டக்குமிக்கு விருப்பமே இல்லை. ஆனால் கூடப் படிக்கும் பெண் கடற்கரைக்குப் போகலாம் என்று கூப்பிட்டிருக்கிறாள், அதற்கு வண்டி வேண்டும். அப்பா, மலையில் அந்த மஞ்சள் ஆர்எக்ஸ்-7 ஆளை ஜெயித்துவிட்டு வா, வண்டியும் தருகிறேன், டேங்க் நிறையப் பெட்ரோலும் போட்டுத் தருகிறேன் என்கிறார். பெயருக்காகவோ பழிவாங்கவோ இல்லாமல் ஒரு டேங்க் பெட்ரோலுக்காகத் தன் முதல் பந்தயத்துக்குப் போகிற கதாநாயகனை எனக்குப் பார்த்த உடனே பிடித்துப் போனது.

இனி வண்டிக்கு வருவோம். டொயோட்டா ஸ்ப்ரிண்டர் ட்ரூயெனோ, நிறுவனம் அதற்கு வைத்திருந்த குறியீடு ஏஇ86. ஜப்பானியர்கள் எட்டு, ஆறு என்பதைச் சேர்த்து ‘ஹாச்சிரோகு’ என்று செல்லமாகச் சொல்வார்கள். 1983 முதல் 1987 வரை செய்தார்கள். 1.6 லிட்டர் எஞ்சின், 130 குதிரைத்திறன், எடை சுமார் 940 கிலோ, பின்சக்கரங்கள் தள்ளுகிற வகை. கதவில் ‘ஃபுஜிவாரா டோஃபு கடை, சொந்த உபயோகத்துக்கு’ என்று ஜப்பானிய மொழியில் எழுதியிருக்கும். எதிராளிகளில் ஒருவனான நகாஸாதோ ஓட்டுவது நிஸான் ஸ்கைலைன் ஜிடி-ஆர், ஆர்32 மாடல்: 2.6 லிட்டர், இரட்டை டர்போ, 280 குதிரைத்திறன், நான்கு சக்கர இயக்கம், எடை 1,430 கிலோ. காகிதத்தில் பார்த்தால் இது போட்டியே இல்லை.

காகிதத்தை மலையின் உச்சியில் வைத்துப் பாருங்கள், கணக்கு மாறும்.

ஜப்பானில் மலைக் கணவாய்ச் சாலைக்கு ‘டோகே’ என்று பெயர். குறுகலான இரண்டு வழிச் சாலை, வரிசையாக வளைவுகள், ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் தடுப்புக் கம்பி, அதற்கு அப்பால் பள்ளம். ஏற்றத்தில் ஓட்டினால் எஞ்சின் வண்டியின் எடையை மேலே இழுக்க வேண்டும், சக்தி அதிகம் உள்ளவன் போய்க்கொண்டே இருப்பான். இறக்கத்தில் பூமியே எல்லோரையும் இலவசமாக இழுத்துக்கொண்டு போகிறது. அங்கே வேகம் எடுப்பது சுலபம், எடுத்த வேகத்தை வளைவுக்கு முன் குறைப்பதுதான் கஷ்டம். இப்போது எடையைப் பாருங்கள். ஒரே வேகத்தில் போகும்போது ஜிடி-ஆரிடம் இருக்கும் ஆற்றல் ஹாச்சிரோகுவிடம் இருப்பதைப்போல ஒன்றரை மடங்கு. அத்தனையையும் ஒவ்வொரு வளைவிலும் பிரேக்கும் டயரும் சூடாக மாற்றி வெளியே விட வேண்டும். நீண்ட நேர்ச்சாலை இருந்தால் 280 குதிரைகளும் ஓடிக் காட்டும். கொண்டை ஊசி வளைவுகள் அடுத்தடுத்து வரும் இடத்தில், ஆக்ஸிலேட்டரை முழுதாக மிதிப்பதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும், மறுபடி பிரேக். அங்கே அந்தக் குதிரைகள் பாரம்தான்.

டக்குமிக்கும் நகாஸாதோவுக்கும் நடக்கும் பந்தயம் முழுக்க இந்தக் கணக்குதான். ஜிடி-ஆர் முன்பக்கம் கனமான வண்டி. வளைவுக்கு வளைவு முன் டயர்கள் அந்த எடையைத் தாங்கித் தேய்ந்து சூடேறுகின்றன. சூடு ஒரு அளவைத் தாண்டினால் ரப்பர் பிடி விடும். அப்போது ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்பினாலும் வண்டி வளைவுக்கு வெளிப்பக்கமாகவே தள்ளிக்கொண்டு போகும், இதற்கு அண்டர்ஸ்டியர் என்று பெயர். பின்னால் ஹாச்சிரோகு விடாமல் ஒட்டிக்கொண்டு வருகிறது, முன்னால் நகாஸாதோவின் கைகளில் வண்டி கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்ன பேச்சைக் கேட்பதை நிறுத்துகிறது. பார்க்கிற நமக்கு, அவன் தோற்கப் போகிறான் என்பது அவனுக்குத் தெரிவதற்கு ஒரு வளைவு முன்னாலேயே தெரிந்துவிடுகிறது. ஏனென்றால் அதற்குள் தொடர் நமக்கு டயரைப் பற்றிச் சொல்லிக் கொடுத்துவிட்டது. இப்படி விஷயத்தை முதலில் கற்றுக்கொடுத்து, அப்புறம் அதை வைத்தே நம்மைப் பதற வைக்கிற எழுத்து அபூர்வம்.

ட்ரிஃப்ட் என்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், தொடரைப் பற்றிப் பேச்செடுத்தாலே எல்லோரும் கேட்பது அதைத்தான். வளைவுக்குள் நுழையும்போது வண்டியின் பின்பக்கத்தை வேண்டுமென்றே சறுக்க விட்டு, முன்சக்கரங்களை எதிர்ப்பக்கம் திருப்பிச் சமன்செய்து, ஆக்ஸிலேட்டரால் அந்தச் சறுக்கலை அளந்து நடத்துவதுதான் ட்ரிஃப்ட். பிரேக் போட்டால் எடை முன்னே சாயும், பின்சக்கரங்கள் லேசாகும், அந்தக் கணத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பினால் வால் ஆடத் தொடங்கும். பந்தய மைதானத்தில் ட்ரிஃப்ட் அடித்தால் நேரம்தான் போகும், சறுக்காமல் பிடித்து ஓட்டுகிறவன்தான் ஜெயிப்பான், அதைத் தொடரும் மறைக்கவில்லை. நகாஸாதோவே முதலில் ட்ரிஃப்ட் அடித்துக்கொண்டிருந்து, பிறகு அதை விட்டு ஜிடி-ஆருக்கு மாறியவன்தான்.

அகினா மலையில் ஐந்து கொண்டை ஊசி வளைவுகள் தொடர்ந்து வரும் இடம் ஒன்று உண்டு. கெய்சுகேயுடனான முதல் பந்தயத்தில் டக்குமி அங்கேதான் முந்துகிறான். ஒரு வளைவுக்குள் அவன் நுழையும் வேகத்தைப் பார்த்து, பையன் தொலைந்தான் என்றுதான் கெய்சுகே நினைக்கிறான். டக்குமி உள்பக்கச் சக்கரங்களைச் சாலையோரத்தில் மழைநீர் ஓடும் வடிகாலின் விளிம்புக்குள் இறக்கிவிடுகிறான். வெளியே தள்ளுகிற விசையை வடிகாலின் சுவர் தடுத்துக்கொள்கிறது, தண்டவாளத்தில் போவதுபோல வண்டி வளைவைச் சுற்றி வந்து மறுபக்கம் முதலில் வெளிப்படுகிறது. கதைக்காகக் கொஞ்சம் ஊதிக் காட்டியிருக்கிறார்கள் என்பது சரிதான். ஆனால் வடிகால் எந்த வளைவில் எவ்வளவு ஆழம் என்று தெரிந்திருக்க அந்தச் சாலையில் எத்தனை ஆயிரம் முறை இறங்கியிருக்க வேண்டும் என்று யோசியுங்கள். அவனுடைய திறமை அங்கிருந்து வந்ததுதான்.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது தண்ணீர்க் கோப்பை. டோஃபு சட்டென்று உடைந்துவிடும் பண்டம். அதனால் அப்பா ஒரு பேப்பர் கப்பில் தண்ணீர் ஊற்றி வண்டியின் கப் ஹோல்டரில் வைத்து, சிந்தாமல் ஓட்டு என்று சொல்லி அனுப்புகிறார். அவ்வளவுதான் பயிற்சி. ட்ரிஃப்ட் என்றால் என்ன, பிரேக்கை எப்போது விட வேண்டும் என்று அவர் பாடம் எடுத்ததே இல்லை. ஐந்து வருஷம் தினமும் அந்தக் கோப்பையோடு மலை ஏறி இறங்கியதில், ட்ரிஃப்ட் என்ற சொல்லே சரியாகத் தெரியாத பையனுக்கு அது உடம்பில் ஏறிவிட்டது.

இது கதைக்காகச் சொன்னதா, உண்மையிலேயே எதையாவது கற்றுக்கொடுக்குமா என்று தெரிந்துகொள்ள ஒரு நாள் நானும் முயன்றேன். ஆள் நடமாட்டம் இல்லாத நேரம், காலியான சாலை, முப்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகவில்லை. ஒரு டம்ளரில் முக்கால் வாசி தண்ணீர். வளைவில்தான் சிந்தும் என்று எதிர்பார்த்தேன். வளைவில் தண்ணீர் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஏறியது, ஆனால் அப்படியே நின்றது, சிந்தவில்லை. சிந்தியது எங்கே என்றால், பிரேக்கை மிதித்த முதல் நொடியிலும், வண்டி நிற்கப்போகிற நேரத்தில் காலை எடுத்த நொடியிலும். வேகமாகப் போவது தண்ணீரை ஒன்றும் செய்வதில்லை, வேகம் திடீரென்று மாறுவதுதான் அதைத் தூக்கி அடிக்கிறது. அதே திடீர் மாற்றம்தான் டயரின் பிடியையும் உடைக்கிறது. அந்த நாலு சக்கரங்களின் மேல் எடை எங்கே இருக்கிறது என்பதை, ஒரு பேப்பர் கப்பை வைத்துக் கண்ணுக்குத் தெரியும்படி ஆக்கிவிட்டார் அந்த அப்பா. அன்றிலிருந்து பிரேக்கில் கால் வைக்கும் விதமே எனக்கு மாறிவிட்டது.

எதிராளிகளையும் தொடர் மதிக்கிறது. ஒவ்வொருவருக்கும் ஒரு வண்டி, ஒரு கொள்கை, ஒரு மலை. கெய்சுகேயின் அண்ணன் ரியோசுகே பந்தயத்தைக் கணிதம்போலப் பார்க்கிறவன். ஷிங்கோ என்பவன் ஹோண்டா சிவிக்கோடு வந்து, வலது கையை ஸ்டியரிங்கோடு டேப் போட்டு ஒட்டிக்கொண்டு ஓட்டும் போட்டிக்கு அழைக்கிறான். முன்சக்கரம் இழுக்கும் வண்டிக்கு ஸ்டியரிங்கை அதிகம் சுழற்ற வேண்டியதில்லை. ட்ரிஃப்ட் அடிக்கும் பின்சக்கர வண்டிக்குக் கை முழுவதும் சுழல வேண்டும். ஆக அந்த டேப் இருவருக்கும் சமமாகத் தோன்றினாலும் டக்குமிக்கு மட்டும் விலங்கு. இந்தத் தந்திரத்தைப் புரிந்துகொள்ளும்போது முன்சக்கர இயக்கத்துக்கும் பின்சக்கர இயக்கத்துக்கும் உள்ள வித்தியாசமே நமக்குப் புரிந்துவிடுகிறது. உசுய் கணவாயில் மாகோ, சயுகி என்ற இரண்டு பெண்கள் சில்எய்ட்டி என்ற நீல நிற நிஸான் வண்டியில் வருகிறார்கள், மாகோ ஓட்ட, சயுகி பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்வாள், முதல் பாகத்தின் சிறந்த பந்தயங்களில் அது ஒன்று. மற்றபடி பெண்களை இந்தத் தொடர் சரியாக எழுதவில்லை, காதல் பகுதிகள் இன்று பார்க்கும்போது நெருடும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

என் மனதில் நிற்கும் காட்சியில் பெரிய பந்தயம் எதுவும் கிடையாது. டக்குமியின் நண்பன் இட்சுகி கையிலிருந்த காசையெல்லாம் போட்டு ஒரு ஹாச்சிரோகு வாங்கிவிட்டதாக நினைத்துக்கொண்டு வருகிறான். வந்து பார்த்தால் அது ஏஇ85. வெளியே பார்க்க ஏறக்குறைய அதே வண்டி, உள்ளே 1.5 லிட்டர் சாதுவான எஞ்சின். பெட்ரோல் பங்கில் எல்லோரும் சிரித்துவிடுகிறார்கள், அவன் முகம் விழுந்துவிடுகிறது. பிறகு மலையில் இன்னொரு கூட்டமும் அந்த வண்டியைக் கிண்டல் செய்கிறது. டக்குமி ஒன்றும் பேசாமல் இட்சுகியைப் பக்கத்து இருக்கையில் உட்கார வைத்து, அந்த 85-ஐயே எடுத்துக்கொண்டு இறக்கத்தில் அவர்களை முந்துகிறான். நல்ல வண்டி வாங்க வசதி இல்லாத எவரும், எதையாவது ஆசையாக வாங்கி வந்து நாலு பேர் முன்னால் கேலிக்கு ஆளான எவரும், அந்தக் காட்சியைச் சும்மா பார்த்துவிட்டுப் போக முடியாது.

காலமும் சேர்ந்து வந்தது. ஜப்பானின் பொருளாதாரக் குமிழி உச்சத்தில் இருந்தபோது நிறுவனங்கள் பணத்தைக் கொட்டி அற்புதமான வண்டிகளைச் செய்தன. ஆர்32 ஜிடி-ஆர் வந்தது 1989-ல், கெய்சுகேயின் ஆர்எக்ஸ்-7 வந்தது 1991-ல். குமிழி உடைந்த பிறகு, பகுதிநேரச் சம்பளத்தில் வாழ்ந்த இளைஞர்கள் இவற்றைப் பழைய வண்டியாக வாங்கி, இரவில் மலைக்கு ஓட்டிப் போனார்கள். ஷூயிச்சி ஷிகெனோ இந்த உலகத்தைப் பார்த்துத்தான் 1995-ல் கோடன்ஷாவின் யங் மேகசினில், இந்தத் தொடருக்கு மூலமான மங்காவை (படக்கதையை) ஆரம்பித்தார். அது 2013 வரை ஓடி 48 தொகுதிகளாக முடிந்தது. ட்ரிஃப்ட் மன்னன் என்று பெயரெடுத்த கெய்ச்சி சுச்சியா, உண்மையிலேயே உசுய் கணவாயில் ஓட்டிப் பழகி, ஹாச்சிரோகுவால் புகழ்பெற்றவர், அனிமேயின் கார் காட்சிகளுக்கு ஆலோசகராக இருந்தார். வண்டி எப்போது எந்தப் பக்கம் சாய்கிறது என்பது அங்கங்கே நம்பும்படி இருப்பதற்கு அவரும் ஒரு காரணம்.

இசையைச் சொல்லாமல் விட முடியாது. யூரோபீட் என்ற வகை, இத்தாலியில் தயாராகி, ஆங்கிலத்தில் பாடப்பட்டு, ஜப்பானில் அவெக்ஸ் நிறுவனத்தின் தொகுப்புகள் மூலம் பிரபலமானது. டக்குமி கியர் மாற்றும்போது பாட்டு பாய்ந்து வரும், நம் கால் தானாகத் தரையை மிதிக்கும். கணினியில் செய்த கார்கள்தான் பலவீனம், 1998-ன் தொழில்நுட்பம், கையால் வரைந்த மனிதர்களுக்குப் பக்கத்தில் பொம்மைக் கார்போல இருக்கும். இரண்டு அத்தியாயம் பொறுத்துக்கொண்டால் கண் பழகிவிடும்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் கறாராக இருப்பேன். பொதுச் சாலையில் பந்தயம் குற்றம், எதிரே வருகிறவருக்கு உங்கள் திறமை பற்றி ஒன்றும் தெரியாது. இதைப் பார்த்துவிட்டு மலைச்சாலையில் இறங்குகிறவரை ரசிகர் என்று என்னால் சொல்ல முடியாது. ஹருனா மலைச்சாலையில் இப்போது வளைவுகளில் வேகத்தடைகள் போட்டுவிட்டார்கள். நல்லதுதான். ட்ரிஃப்ட்டுக்கு இன்று மைதானத்தில் முறையான போட்டிகள் உண்டு, ஜப்பானின் டி1 கிராண்ட் பிரி 2001 முதலே நடக்கிறது, அதை ஆரம்பித்தவர்களில் சுச்சியாவும் ஒருவர்.

அந்த ஊரும் தொடரை மறக்கவில்லை. ஷிபுகாவாவில் தெருவில் நடந்தால் பாதாளச் சாக்கடை மூடிகளிலேயே இனிஷியல் டி படங்களைப் பார்க்கலாம். பக்கத்தில் உள்ள இகாஹோ பொம்மை, கார் அருங்காட்சியகத்தில் டோஃபு கடையின் முகப்பும் அதன் முன்னால் ஒரு ஹாச்சிரோகுவும் நிற்கின்றன. டொயோட்டா 2012-ல் வெளியிட்ட புதிய சிறிய ஸ்போர்ட்ஸ் காருக்கு 86 என்றே பெயர் வைத்தது. 2021-ல் பழைய ஏஇ86-க்கு உதிரி பாகங்களை மறுபடி தயாரிப்பதாக அறிவித்தது. உற்பத்தி நின்று முப்பது வருஷத்துக்கு மேல் ஆன ஒரு வண்டிக்கு!

எங்கே ஆரம்பிப்பது என்றால், ‘ஃபர்ஸ்ட் ஸ்டேஜ்’ என்று சொல்லப்படும் 1998-ன் முதல் பாகம், 26 அத்தியாயங்கள். பாகங்களை மாற்றிப் பார்க்காதீர்கள், 1999-ல் வந்த இரண்டாம் பாகத்தில் ஹாச்சிரோகுவுக்கு நடப்பது, முதல் பாகத்தில் அதோடு பழகியவர்களுக்குத்தான் வலிக்கும். ஹாங்காங்கில் 2005-ல் எடுத்த திரைப்படத்தையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். பார்க்க உட்காரும்போது ஒன்று மட்டும் செய்யுங்கள். எல்லோரும் முன்னால் போகும் வண்டியைத்தான் பார்ப்பார்கள், நீங்கள் முன்னால் போகிற வண்டியின் பிரேக் விளக்கைப் பாருங்கள். அது எப்போது எரிகிறது, பின்னால் வரும் டக்குமியின் விளக்கு எத்தனை நேரம் கழித்து எரிகிறது என்று.